வியன்னா மாநகரின் வீடமைப்பு வரி, 1923–1934

முதலாம் உலகப் போருக்குப் பிற்பட்ட ஐரோப்பிய வரலாற்றை எழுதுவோர், 'சிவப்பு வியன்னா' எனப்பட்ட மாநகராட்சியைப் பெரும்பாலும் அதன் கட்டடங்களைக் கொண்டே மதிப்பிட்டு வந்துள்ளனர். கட்டடக்கலை நூல்களில் அதற்கு நிலையான ஓரிடமுண்டு. ஆயின், அக்கட்டடங்களை எழுப்பிய பணம் யாரிடமிருந்து, எம்முறையிற் பெறப்பட்டது என்னும் வினா அத்துணை கவனம் பெறவில்லை. வியன்னாவின் தனித்தன்மையை நாம் அவ்வினாவிலேயே காண்கின்றோம்.

போருக்கு முந்திய வியன்னா, பேரரசின் தலைநகராயிருந்தும் தன் தொழிலாளரைப் பொறுத்தவரை ஐரோப்பாவின் மிக இழிந்த குடியிருப்பு நகரங்களுள் ஒன்றாகும். 1917இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி நகரின் குடியிருப்புகளில் நூற்றுக்கு 73 வரையிலானவை ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட சிறு வீடுகளும் அவற்றிலும் சிறியனவுமாகும். அத்தகைய வீடுகளுட் பெரும்பாலானவற்றில் நீர்க்குழாயோ மலகூடமோ உள்ளே இருக்கவில்லை. தாழ்வாரத்துப் பொதுக்குழாயே பல குடும்பங்களுக்கு உதவிற்று. வாடகையின் சுமையைத் தாங்கவியலாத குடும்பங்கள், வெறும் படுக்கையை மாத்திரம் இரவல் பெறும் 'படுக்கையாளரை' உள்ளே சேர்த்துக்கொண்டன. சயரோகத்துக்கு 'வியன்னா நோய்' என்று பெயர் வழங்கியமை தற்செயலன்று.

ஆயினும் முன்னைய மாநகராட்சி எதுவுமே செய்யவில்லை என்பது பொருந்தாது. 1897 முதல் 1910 வரை நகர முதல்வராயிருந்த கார்ல் லூகர், யூத எதிர்ப்பை அரசியல் ஆயுதமாக்கியவர். எனினும் எரிவாயு, மின்சாரம், தெருத் தொடர்வண்டி ஆகியவற்றை நகரின் உடைமையாக்கியவரும் அவரே. அல்ப்ஸ் மலைச் சுனைகளிலிருந்து நீர் கொணரும் இரண்டாவது குழாய்வழி 1910இல் நிறைவுற்றது. இவற்றுக்கான முதல் பெரும்பாலும் கடனாகப் பெறப்பட்டது. சேவைகளின் இலாபமும், வாடகைமீது விதிக்கப்பட்ட வரியும் நகர வருவாயின் தூண்களாயின. அதாவது விளக்கேற்றியவனும் வண்டியேறியவனும் குடியிருந்தவனுமே நகரின் செலவை ஈடுசெய்தனர். மலைநீர் ஏறத்தாழ 180 கிலோமீற்றர் கடந்து வந்தது. ஏழையின் வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்தில், அது நின்றுவிட்டது!

1919 மே மாதத் தேர்தலில் சமூக சனநாயகக் கட்சி பெரும்பான்மை பெற்றது. ஆட்சியைக் காட்டிலும் முக்கியமானதாக நாம் கருதுவது 1922 சனவரி 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்த மாற்றத்தையாகும். அன்று தொடக்கம் வியன்னா, கீழ் ஒஸ்திரியாவினின்றும் பிரிந்து, கூட்டாட்சியின் தனி மாநிலமாயிற்று. மாநிலத்துக்குரிய வரி விதிக்கும் அதிகாரமும் அதன் கைக்கு வந்தது. இவ்வதிகாரமின்றிக் கட்சியின் வேலைத்திட்டம் காகிதத்திலேயே நின்றிருக்கும்.

அதிகாரத்தைப் பயன்படுத்தும் வகை அறிந்தவர் ஹியூகோ பிறைற்னர். முன்னர் ஒரு பெரிய வங்கியின் இயக்குநராயிருந்த இவர் 1919 முதல் 1932 வரை நகரின் நிதிப் பொறுப்பை வகித்தார். வீட்டுப் பணியாளர், மோட்டார் வாகனம், பந்தயக் குதிரை, களியாட்டம் ஆகியவற்றின்மீது அவர் வரி விதித்தார். தொழில் கொள்வோர் வழங்கும் ஊதியத்தின்மீதும் ஒரு வரி இருந்தது. எரிவாயு, மின்சாரம் என்பன இலாபம் தேடாது அடக்க விலைக்கே வழங்கப்பட வேண்டும் என்பது அவரது கொள்கை. முந்திய முறை இங்கே தலைகீழாகின்றது.

1923இல் விதிக்கப்பட்ட வீடமைப்பு வரி இவ்வரிசையின் உச்சம். வாடகைக்குரிய எல்லாக் கட்டடப் பகுதிகளும், போருக்கு முந்திய வாடகை மதிப்பின் அடிப்படையில், இதற்குட்பட்டன. மதிப்பு உயர உயர வரிவீதமும் ஏறிற்று. விளைவு வியப்பூட்டுவது: மிகு விலையுள்ள கட்டடப் பகுதிகள், மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றினும் குறைந்தவை, வரித்தொகையில் ஏறத்தாழ 45 வீதத்தைச் செலுத்தின. நூற்றுக்கு 80க்கு மேற்பட்ட எளிய குடியிருப்புகளின் பங்கு நாலிலொன்றையும் எட்டவில்லை. வீடமைப்புச் செலவு முழுவதையும் இவ்வரி ஈடுசெய்ததில்லை; எஞ்சியது நகரின் பொது வரி வருவாயினின்று வந்தது.

இங்கே ஒரு பொருளாதார நுணுக்கத்தை விளக்குதல் வேண்டும். கடன் பெற்றுக் கட்டிய வீட்டின் வாடகையிற் பெரும் பகுதி வட்டியாகும். வரியினாற் கட்டியபோது வட்டி என்ற பேச்சே எழவில்லை. பராமரிப்புச் செலவே வாடகையாயிற்று. தொழிலாளியின் ஊதியத்தில் அது ஒரு சிறு பங்காக நின்றமைக்கு இதுவே காரணம். பணவீக்கமும் இதற்குத் துணைபுரிந்தது என்பதை மறைத்தலாகாது. அது நகரின் பழங்கடனைக் கரைத்தது. 1917 முதல் நிலவிய குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வாடகையை முடக்கியதனால் நிலத்தின் விலையும் வீழ்ந்தது. நகரம் மலிவாக நிலம் வாங்கிற்று. வீட்டுடைமையாளர் முன்னர் பெற்ற வாடகையின் இடத்திலேயே புதிய வரி புகுந்தது எனக் கொள்ளலாம்.

1934 வரையில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகள் எழுந்தன. அறைகள் சிறியன, பல 40 சதுர மீற்றரையும் எட்டவில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் நீரும் மலகூடமும் இருந்தன. முற்றங்களின் காற்றும் ஒளியும் சாளரம்வரை வந்தன. கார்ல் ஏன் வரைந்து 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் மனைத்தொகுதி ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீண்டது. ஏறத்தாழ 1,400 குடியிருப்புகள் கொண்டது. எனினும் நிலத்தில் ஐந்திலொரு பங்குக்குக் குறைவாகவே கட்டடம் நின்றது. இயந்திரச் சலவைக்கூடம், குளிப்பகம், பல் மருத்துவ நிலையம், பாலர் பாடசாலை, நூலகம் என்பன அதனுள்ளேயே அமைந்தன. உடற்கூற்றியல் பேராசிரியரான யூலியஸ் ரான்ட்லர் சுகாதார, சமூகநலப் பொறுப்பிலிருந்து இவற்றைத் தாய் சேய் நலப் பணிகளோடு இணைத்தார். அவரை வழிபடுவோர் மறக்க விரும்பும் ஒன்றும் உண்டு: 'வாழத் தகாத உயிர்கள்' பற்றிய இனமேம்பாட்டுச் சிந்தனை அவரது எழுத்திலும் இடம்பெற்றது. நலனை வழங்குவோர், அதற்குத் தகுதியானவர் யாரெனத் தீர்மானிக்கவும் முற்பட்டனர்.

எதிர்ப்பு இயல்பாகவே கடுமையாயிருந்தது. 'வரிப் போல்செவிசம்' என்றனர். 1929இல் பிரெட்றிக் ஹையக், வாடகைக் கட்டுப்பாடு தனியார் முதலீட்டைத் தடுத்து வீட்டுத் தட்டுப்பாட்டை நிலைபெறச் செய்கின்றதென வாதிட்டார். தனியார் கட்டுதல் அருகியமை மெய்யே. ஆனால் தனியார் தாராளமாகக் கட்டிய காலத்திலேதான் படுக்கையாளர் பெருகினர் என்பதை அவ்வாதம் கணக்கிற் கொள்வதில்லை. அதே நகரில் வாழ்ந்த கார்ல் பொலான்யி, 1944இல் வெளிவந்த தமது பெருநூலில் வியன்னாவின் சாதனையை நேர்மாறாக மதிப்பிட்டார்.

வாதத்தினால் இவ்வரி வீழவில்லை. உலகப் பொருளாதார மந்தம் வருவாயைச் சுருக்கிற்று. 1931இல் மத்திய அரசு பொது வரிகளில் வியன்னாவுக்குரிய பங்கைக் குறைத்தது. 1922இல் கிடைத்த நிதி உரிமை எத்துணை அரைகுறையானது என்பது அப்போது புலனாயிற்று. 1934 பெப்ரவரியில் அரசுப் படை கார்ல் மார்க்ஸ் மனையின்மீது பீரங்கி கொண்டு சுட்டது. நகர முதல்வர் கார்ல் சைற்ஸ் கைதுசெய்யப்பட்டார். மாநகர சபை கலைக்கப்பட்டது. ரான்ட்லர் 1936இல் மொஸ்கோவிலும், பிறைற்னர் 1946இல் கலிபோர்னியாவிலும் இறந்தனர்.

வியன்னா மாநகரம் இன்றும் ஏறத்தாழ 2,20,000 குடியிருப்புகளின் உடைமையாளராக விளங்குகின்றது. அங்கே வீடமைப்புக்கென இன்று அறவிடப்படும் பங்களிப்பு ஊதியத்தின்மீது விதிக்கப்படுவதாகும். அதில் அரைப்பங்கைத் தொழிலாளியே செலுத்துகின்றார். மாளிகைக்கு ஒரு வீதமும் ஒற்றையறைக்கு வேறொரு வீதமும் விதித்த பிறைற்னரின் ஏறுவரிசை மீளவும் கொண்டுவரப்படவில்லை.