மைக்ரோ ஆர்.என்.ஏ.: இரைப்பைப் புற்றுநோயைக் குருதியில் தேடிய வரலாறு

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சுமார் 22 நியூக்ளியோடைடு நீளமே உள்ள சிறு ஆர்.என்.ஏ. இழை. இது புரதம் எதையும் உண்டாக்குவதில்லை. புரதத்துக்கான செய்தியைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு அதை முடக்குவதே இதன் வேலை. இரைப்பையில் புற்று வளரும்போது இவற்றுள் சில கூடுகின்றன, சில குறைகின்றன. அந்த ஏற்ற இறக்கத்தைக் குருதியிலும் அளக்க முடிகிறது. ஆகவே குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்கு முன்பே நோயைக் காட்டிக்கொடுக்கும் குறிகாட்டிகளாக இவை ஆராயப்பட்டு வருகின்றன. சிங்கப்பூரில் ஒரு சோதனை மருத்துவமனைப் பயன்பாட்டுக்கே வந்துவிட்டது. கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புற ஊர்களில் அதே சோதனைக்கு என்ன மதிப்பு என்பதைப் புரிந்துகொள்ள, அந்த வட்டாரத்து வயிற்றின் பழைய கதையை முதலில் பார்க்க வேண்டும்.

தென் திருவிதாங்கூரின் வயிறு

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதற்கு முன் இரு பக்கமும் ஒரே தென் திருவிதாங்கூர்தான். வயிற்று வலிக்காரர்கள் தேடிப்போன இடம் நெய்யூர். லண்டன் மிஷன் அங்கே 1838இல் மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தது. டி. ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில் நெய்யூருக்கு வந்தார். காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்து அங்கேயே பணியாற்ற முடிவு செய்தார். 

அவருடைய அறுவை மேசைக்கு ஓயாமல் வந்தது முன்சிறுகுடல் புண். அந்த அனுபவத்தைக் கொண்டு அவரும் ஐ. எம். ஆர் என்ற மருத்துவரும் 1936இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார்கள். 1948இல் இரைப்பை அறுவை பற்றி சாமர்வெல் ஒரு நூலும் வெளியிட்டார். நெய்யாற்றின்கரை தாலுகாவில், எல்லையை ஒட்டிய காரக்கோணத்திலுள்ள சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதே காலத்தில் குன்னூர் ஆய்வகத்தில் ராபர்ட் மெக்காரிசன், திருவிதாங்கூர் ஏழைகளின் மரச்சீனிக் கிழங்குச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கணிசமான எலிகளுக்கு வயிற்றுப் புண் வந்தது. கோதுமையும் பாலும் சேர்ந்த பஞ்சாபி உணவு தின்றவற்றுக்கு வரவில்லை.

புண் மிகுந்த ஊரில் புற்றும் மிகுந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பு வேறு. 1996இல் வெளியான பெரிய ஸ்வீடன் ஆய்வு ஒன்று, இரைப்பைப் புண் உள்ளவர்களுக்குப் புற்று அபாயம் கூடுவதையும், முன்சிறுகுடல் புண் உள்ளவர்களுக்கு அது குறைவதையும் காட்டியது. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற ஒரே கிருமிதான். அமிலம் மிகுந்து சுரக்கும் வயிற்றில் அது முன்சிறுகுடலைப் புண்ணாக்குகிறது. சுரப்பிகள் தேய்ந்து அமிலம் வற்றிய வயிற்றில் புற்றுக்கு வழி திறக்கிறது. இந்தியாவில் இந்தக் கிருமி பரவலாக இருந்தும் இரைப்பைப் புற்று ஒப்பளவில் குறைவாக இருப்பதை மருத்துவ இதழ்கள் ‘இந்தியப் புதிர்’ என்றே அழைத்தன. மிசோரம் இதற்குப் பெரிய விலக்கு. சென்னையிலும் ஆண்களிடையே இது நெடுங்காலம் முன்வரிசைப் புற்றாக இருந்திருக்கிறது.

திருவனந்தபுரத்தில் 1981இல் உருவான வட்டாரப் புற்றுநோய் மையம், ஊர்க்காரர் வாயில் ‘ஆர்.சி.சி.’, இந்நோயை உணவோடு சேர்த்து ஆராய்ந்தது. 2000இல் வெளியான அந்த ஆய்வில், அளவுக்கு மிஞ்சிய சோறு, மிளகாய், ஆறாமல் கொதிக்கக் கொதிக்க உண்பது ஆகியவை அபாயத்தோடு சேர்ந்து தெரிந்தன.

புழுவிலிருந்து குருதிக்கு

ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்றை வைத்து 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ் குழுவினர் லின்-4 என்ற மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அது புரதம் செய்யவில்லை, 22 எழுத்து ஆர்.என்.ஏ. ஒன்றை மட்டும் செய்தது; அதுவே முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ. அது எதை அடக்குகிறது என்பதை கேரி ரவ்கன் குழு அதே ஆண்டில் எழுதியது. புழுவின் விசித்திரம் என்று உலகம் ஏழு ஆண்டு கண்டுகொள்ளவில்லை. 2000இல் ரவ்கன் குழு கண்ட லெட்-7 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. மனிதரிடமும் இருந்தது தெரிந்தபின்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 2002இல் கார்லோ குரோச்சே, ஜார்ஜ் காலின் ஆகியோர் ஒரு வகை ரத்தப் புற்றில் மிர்-15, மிர்-16 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் தொலைந்துபோயிருப்பதைக் காட்டினர். ஆம்ப்ரோசுக்கும் ரவ்கனுக்கும் நோபல் பரிசு 2024இல் கிடைத்தது.

ஆர்.என்.ஏ. எளிதில் சிதைவது, குருதியிலோ அதைச் சிதைக்கும் நொதிகள் நிறைய. ஆனால் மைக்ரோ ஆர்.என்.ஏ. புரதத்தோடு பிணைந்தோ நுண்பைகளுக்குள் அடங்கியோ திரிவதால் தப்பிப் பிழைக்கிறது. அமெரிக்காவில் முனீஷ் தேவாரி குழுவும் சீனாவின் நாஞ்சிங் குழுவும் 2008இல் இதை நிறுவியபோதுதான் ரத்தப் பரிசோதனை என்ற எண்ணமே சாத்தியமானது. 2010இல் ஜப்பானின் கியோட்டோ ஆய்வாளர்கள் இரைப்பைப் புற்று நோயாளிகளின் பிளாஸ்மாவில் மிர்-21, மிர்-106பி முதலியவை கூடியிருப்பதையும் லெட்-7ஏ குறைந்திருப்பதையும் கண்டார்கள். கட்டியை அகற்றியபின் கூடியிருந்தவை இறங்கின. மிர்-21 சும்மா கூடவில்லை. கட்டி வளராமல் தடுக்கும் பிடென் போன்ற மரபணுக்களை அது அடக்குகிறது. சிஇஏ, சிஏ 19-9 போன்ற பழைய குறிகாட்டிகள் ஆரம்ப நிலையில் பெரும்பாலும் மௌனமாக இருந்துவிடுபவை என்பதால் இந்தப் புதியவற்றின்மேல் நம்பிக்கை கூடியது.

இடையூறு ரத்தம் எடுக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. ஊசி சிக்கி இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ, வெயிலில் வண்டியில் கிடந்தாலோ சிவப்பணுக்கள் உடைகின்றன. தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் இளஞ்சிவப்பாகிவிடும். சிவப்பணுவுக்குள் மிர்-451, மிர்-16 ஏராளம். மற்றவற்றை ஒப்பிடப் பல ஆய்வுகள் அளவுகோலாக வைத்துக்கொண்டதே இந்த மிர்-16ஐத்தான்! ஆய்வுக்கு ஆய்வு பட்டியல் மாறிக்கொண்டே இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சிங்கப்பூர்ச் சோதனையும் எல்லைப்புறக் கணக்கும்

சிங்கப்பூரின் மிர்எக்சஸ் நிறுவனம் 12 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைச் சேர்த்து அளக்கும் காஸ்ட்ரோகிளியர் சோதனையை உருவாக்கியது. அதற்கு அடிப்படையான ஆய்வு 2021இல் ‘கட்’ என்ற மருத்துவ இதழில் வந்தது. எண்டோஸ்கோபிக்கு வந்த 4,566 பேரில் 125 பேருக்குப் புற்று இருந்தது. நோயுள்ளவரில் 87 சதவீதத்தினரைச் சோதனை சரியாகப் பிடித்தது, நோயில்லாதவரில் 68.4 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. அந்தக் கூட்டத்தில் ‘உண்டு’ என்று வந்த ஏறக்குறைய 14 பேரில் ஒருவருக்கு உண்மையில் புற்று இருந்திருக்கும்.

நோய் அரிதான ஊரில் இதே சோதனை வேறு முகம் காட்டும். ஒரு லட்சம் பேரில் 20 பேருக்குப் புற்று என்று வைத்துக்கொள்வோம். சோதனை 17 பேரைக் கண்டுபிடிக்கும். கூடவே, ஒன்றுமில்லாத சுமார் 31,600 பேரையும் எண்டோஸ்கோபி வரிசையில் நிறுத்தும். நெய்யாற்றின்கரைப் பொது மருத்துவமனையோ பாறசாலைத் தாலுகா மருத்துவமனையோ அந்த வரிசையைத் தாங்காது, ஆர்.சி.சி.யும் தாங்காது. ஜப்பானும் தென்கொரியாவும் ஊர் முழுவதையும் சோதித்துப் பயன் கண்டது அங்கே நோய் அடர்த்தியாக இருப்பதால். தென்கொரியாவில் 40 வயது தாண்டியவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனை. அந்த நாடுகளின் வெற்றியை மட்டும் எடுத்துக்காட்டி இங்கும் முகாம் போடச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைத் தவறவிடுகிறார்கள்.

எண்ணிக்கையிலும் எல்லை குறுக்கிடுகிறது. பாறசாலைக்காரருக்கு நோய் கண்டால் திருவனந்தபுரம் பதிவேட்டில் ஏறுவார். எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பால் குடியிருப்பவர் ஆர்.சி.சி.யிலேயே சிகிச்சை பெற்றாலும், வசிப்பிடத்தை வைத்து எண்ணும் முறைப்படி தமிழ்நாட்டுக் கணக்கில் சேர வேண்டியவர். உணவும் உறவும் ஒன்றாக இருக்கும் மக்களின் நோய் இரண்டு ஏடுகளில் பிரிந்து கிடக்கிறது.

சோதனை இங்கே பொருந்தக்கூடியது அபாயம் கூடிய சிறு வட்டத்துக்கு: பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்தவர்கள், முந்தைய பயாப்சியில் இரைப்பைச் சவ்வு குடற்சவ்வாக மாறியிருப்பது தெரிந்தவர்கள். அதற்கும் முன்னால் உள்ளூர் மக்களின் இயல்பு அளவு தெரிய வேண்டும். சிங்கப்பூர் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் சீன வம்சாவளியினர். ‘கேஸ் டிரபிள்’ என்று மாதக்கணக்கில் மருந்துக்கடை மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருப்பவர் உடல் மெலிந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, காரணமின்றி ரத்தசோகை கண்டாலோ நேரே எண்டோஸ்கோபிதான் செய்ய வேண்டும். அவருடைய மைக்ரோ ஆர்.என்.ஏ. முடிவு எப்படி வந்தாலும் அது தவிராது.