திருமறைக்காட்டில் விளைந்த உப்பு

திருமறைக்காடு என்றதும் அடியார் நெஞ்சில் எழுவது, அப்பரடிகள் பாடத் திறந்து, ஞானசம்பந்தப் பிள்ளையார் பாட அடைத்துக்கொண்ட திருக்கதவமே. வேதாரண்யம் என வழங்கும் இத்திருத்தலம், மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பலருடைய முன்னோர் கப்பலேறிய நாகப்பட்டினத்திற்குத் தெற்கே, உப்பளங்கள் சூழ்ந்த கடற்கரையில் அமைந்துள்ளது. 1930ஆம் ஆண்டில் இச்சிற்றூர் பாரத நாட்டு விடுதலை வரலாற்றில் இடம்பெற்றது.

அண்ணல் காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்த சில நாட்களுக்குள், தமிழகத்திலும் அவ்வறப்போரை நடத்த இராஜாஜி முனைந்தார். அதற்குரிய இடமாக வேதாரண்யம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வூர்ப் பெருமகனார் வேதரத்தினம் பிள்ளை உற்ற துணையாக நின்றார். சித்திரைத் திருநாளாகிய ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்கள் கால்நடையாகப் புறப்பட்டனர். செல்ல வேண்டிய தொலைவு சுமார் 150 மைல். நாமக்கல் கவிஞர் இதற்கெனவே இயற்றிய பாடல் வழிநெடுக ஒலித்தது.

அப்போது தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்தவர் தார்ன் என்னும் ஆங்கிலேயர். தொண்டர்களை அடித்து விரட்டுவதைக் காட்டிலும் பட்டினி போட்டுக் கலைப்பதே எளிது என அவர் கருதினார் போலும். அவர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் சிறை புகுவர் என எச்சரிக்கை விடுத்தார். காவிரி பாயும் நாட்டில், வழிநடந்து வருவோர்க்குச் சோறிடுவது குற்றமாயிற்று! சத்திரங்களும் அன்னதானக் கட்டளைகளும் நிறைந்த மண்ணின் இயல்பை அவர் அறிந்திலர்.

குடந்தையில் தொண்டர்களை உபசரித்த பந்துலு ஐயர் சிறைத்தண்டனை பெற்றார். ஆயினும் உணவு நின்றபாடில்லை. கட்டுச்சோற்று மூட்டைகள் சாலையோர மரக்கிளைகளில் தொங்கின. கட்டியவர் எவரென்று கேட்டால் அறிந்தவர் எவருமிலர். தலைவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. அச்சோற்றை இரவோடிரவாக வடித்த தாய்மார்களின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை. அவர்கள் இல்லையெனில் அப்படை வேதாரண்யம் வந்து சேர்ந்திருக்குமா என்பது ஐயமே.

ஏப்ரல் 28ஆம் நாள் தொண்டர்கள் ஊரை அடைந்தனர். 30ஆம் நாள், சம்பந்தர் பாடல் பெற்ற அகத்தியான்பள்ளியில் இராஜாஜி உப்பெடுத்துக் கைதானார். ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதன் பின்னரும் போராட்டம் தொடர்ந்தது. உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதல் பெண்மணி எனப் போற்றப்படும் ருக்மிணி லட்சுமிபதி அம்மையார் இங்கேதான் கைதானார். வேதரத்தினம் பிள்ளையும் சிறை சென்றார். அவருடைய சொத்துக்கள் பறிமுதலாயின.

சவரத் தொழிலாளி வைரப்பனைப் பற்றியும் அவ்வூரார் சொல்வர். ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்த அவர், வந்தவர் காவலர் எனத் தெரிந்ததும் பாதியிலேயே எழுந்துவிட்டார். வழக்கு மன்றத்தில் மீதியையும் மழிக்குமாறு நீதிபதி பணித்தபோது, சவரப் பெட்டியை நீதிபதி முன்னரே வைத்து, வேண்டுமாயின் தாங்களே செய்துகொள்ளலாம் என்றாராம். அவருக்கும் ஆறு மாதச் சிறை கிடைத்தது.