கிராமர் பெற்ற பிள்ளை கிளாமர்

கிளாமர் என்ற சொல்லை நம்ம ஊர் சினிமாப் பத்திரிகைகள் மாதிரி வேலை வாங்கியவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது. 'கதைக்குத் தேவைன்னா கிளாமரா நடிப்பேன்' என்று ஒரு பேட்டி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் இந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டிக்கொண்டே போனால் கிடைப்பது நடிகை இல்லை, இலக்கணப் புத்தகம்! நிஜமாகத்தான். கிளாமர் என்பது கிராமரின் திரிபு.

கிரேக்க மொழியில் 'கிராம்மா' என்றால் எழுத்து. அதிலிருந்து பிறந்த சொல் லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் அங்கே கிராமர் என்றால் லத்தீன் படிப்பு. பாதிரியார்களையும் இன்னும் சிலரையும் விட்டால் பெரும்பாலான ஜனங்களுக்கு எழுத்து வாசனையே கிடையாது. அந்தத் தடித்தடிப் புத்தகங்களில் என்ன இருக்கிறது? வைத்தியமா, ஜோசியமா, பில்லி சூனியமா? வெளியே நிற்பவனுக்கு எல்லாம் ஒன்றுதான். அதனால் கிராமர் என்ற சொல்லுக்கே மாந்திரீகம் என்ற பொருளும் ஏறிவிட்டது. பிரெஞ்சில் இதே சொல்லின் இன்னொரு பிள்ளை 'கிரிம்வார்'. அதற்கு மந்திரப் புத்தகம் என்றே பொருள்.

ஜனங்கள் அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை. எழுத்து உயிரையே காப்பாற்றியது. பாதிரியார்களைச் சாதாரண நீதிமன்றம் தூக்கில் போட முடியாது என்று இங்கிலாந்தில் ஒரு சலுகை இருந்தது. நாளடைவில் படிக்கத் தெரிந்த ஆண்கள் எல்லோருக்கும் அது பொருந்த ஆரம்பித்தது. 1598ல் நாடக ஆசிரியர் பென் ஜான்சன் சண்டையில் ஒரு நடிகரைக் கொன்றுவிட்டார். லத்தீனில் பைபிள் வசனம் சொல்லி, கட்டைவிரலில் ஒரு சூட்டோடு தப்பித்தார். படிக்கத் தெரியாதவன் அதே குற்றத்துக்குத் தூக்கில் தொங்கினான். இதைவிடப் பெரிய மந்திரம் வேறு என்ன வேண்டும்?

சரி, 'ர' எப்படி 'ல' ஆனது? அது ஸ்காட்லாந்துக்காரர்கள் வாயில் நடந்தது. நமக்கு இது புதுசு இல்லை. பந்தல் பந்தர் ஆவதும், சாம்பல் சாம்பர் ஆவதும் நம் இலக்கணத்தில் 'போலி' என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆலன் ராம்சே என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர் 1720களிலேயே இந்தச் சொல்லுக்கு விளக்கம் தந்திருக்கிறார்: மந்திரவாதியும் வித்தைக்காரனும் பார்ப்பவர் கண்ணை ஏமாற்றுவது. நம் பாஷையில் அச்சு அசலாகக் கண்கட்டு வித்தை! 1805ல் வால்டர் ஸ்காட் தன் நெடுங்கவிதை ஒன்றில் பயன்படுத்த, சொல் இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

இங்கே வினைச்சொல்லைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் அன்று கிளாமரை அடுத்தவர் கண் மேல் 'வீசுவார்கள்'. இன்று நம் பத்திரிகைகளில் கிளாமர் 'காட்டுகிறார்கள்'. பார்க்கிறவன் கண்ணில் இருந்த மயக்கம் நடிகையின் உடம்புக்கு இடம் மாறிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாந்திரீகம் மெல்ல விலகி, வசீகரம் என்ற பொருள் நின்றது. 1930களில் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் விளக்கு வெளிச்சத்தாலும் படத்தில் செய்த ஒட்டுவேலையாலும் நட்சத்திரங்களைத் தேவதைகளாக்கின. யோசித்தால் அதுவும் கண்கட்டுதான்.

இந்த வரலாறு எனக்கு ஏன் முக்கியம் என்றால், வெளியூரில் வேலைக்கு வந்த நம்மவர்கள் பலருக்கு இந்தப் பழைய கிளாமர் இன்னும் கண்ணைக் கட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ் மீடியத்தில் படித்த பையன், வேலையில் கெட்டிக்காரன், மீட்டிங்கில் யாராவது சரளமாக நாலு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசிவிட்டால் வாயடைத்துப் போகிறான். பேசியவர் சொன்னதில் சரக்கு இருந்ததா என்று பார்க்கக்கூடத் தோன்றுவதில்லை. லத்தீன் புத்தகத்தைத் தூரத்திலிருந்து பார்த்து மிரண்ட அந்த விவசாயியின் நிலைதான் இது.

ஒரு வித்தியாசம் உண்டு. அந்த விவசாயிக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வழியில்லை. நமக்கு அது பழைய புத்தகக் கடையிலேயே கிடைக்கிறது. திறந்தால் உள்ளே எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். அவ்வளவுதான் மந்திரம். தைரியமாகப் படிங்க சாமி.