விடுதலை உத்தரவும் ஒரு மருத்துவக் கணக்கும்

1865 ஜூன் 19 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கால்வெஸ்டன் துறைமுகத்துக்குப் படையோடு வந்த ஜெனரல் கோர்டன் கிரேஞ்சர், அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள் என்று உத்தரவு வெளியிட்டார். லிங்கனின் விடுதலைப் பிரகடனமோ 1863 ஜனவரி 1 அன்றே வந்துவிட்டது. அதன்பிறகும் டெக்சாஸில் சுமார் 2,50,000 பேர் அடிமைகளாகவே வைக்கப்பட்டிருந்தார்கள். படை வரும்வரை ஆண்டைகள் அசையவில்லை. அந்த நாளைத்தான் கறுப்பின மக்கள் ‘ஜூன்டீன்த்’ என்று கொண்டாடுகிறார்கள். 2021இல்தான் அது தேசிய விடுமுறை ஆனது.

தோழர்களே, மருத்துவத்துக்குள் விடுதலை அதைவிடத் தாமதமாக வந்தது.

1851இல் லூசியானா மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், அடிமை தப்பியோடுவது ‘டிராப்டோமேனியா’ என்ற மனநோய் என்று எழுதினார். அதற்குச் சாட்டையடியையும் சிகிச்சையாகச் சொன்னார். கறுப்பினத்தவரின் நுரையீரல் திறன் பிறப்பிலேயே குறைவு, கட்டாய உழைப்பு அவர்களுக்கு நல்லது என்றும் வாதிட்டார். அடிமைமுறை ஒழிந்தது. ‘கறுப்பு உடல் வேறு’ என்ற எண்ணம் மட்டும் பாடப்புத்தகங்களில் தங்கிவிட்டது.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ரத்தத்திலுள்ள கிரியாட்டினின் அளவை வைத்துக் கணக்கிடுவார்கள். 1999இல் வந்து உலகெங்கும் பரவிய சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் காட்டியது. அவர்களுக்குத் தசை அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணம்.

விளைவைப் பாருங்கள். அமெரிக்காவில் இந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான், மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் தொடங்கும். ஒரே வயது, ஒரே பாலினம், ஒரே ரத்த முடிவு. வெள்ளையருக்கு 18 வந்தால், கறுப்பினத்தவருக்கு 21க்கு மேல் வரும். ஒருவர் வரிசையில் நிற்பார். மற்றவர் ‘இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பப்படுவார்.

இந்தச் சூத்திரத்தை மருத்துவ மாணவர்கள் வகுப்பறைகளிலேயே கேள்வி கேட்டார்கள். 2021இல் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ அமைப்புகள் இனக் கணக்கைக் கைவிடப் பரிந்துரைத்தன. 2023 முதல், இந்தக் கணக்கால் காத்திருப்புக் காலத்தை இழந்த கறுப்பின நோயாளிகளுக்கு அந்தக் காலத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பது விதி. இடைப்பட்ட ஆண்டுகளில் இறந்தவர்களுக்கு அப்படித் திருப்பித் தர எதுவும் இல்லை.

1873இல் ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காக உழைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அவர்கள் போராட்டத்தில் நம் போராட்டத்தைக் கண்டவர் அவர். பிறப்பை வைத்து உடலைத் தரம் பிரிக்கும் எண்ணம், சட்டம் மாறியதும் தானாகப் போய்விடாது. எண்ணாகவும் படிவமாகவும் ‘இயற்கை’ என்ற பேரிலும் அது உட்கார்ந்திருக்கும்.

மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் பாடத்தில் இப்படி ஓர் எண் வந்தால், அதை யார், எந்த ஆதாரத்தில் வைத்தார்கள் என்று எழுந்து கேளுங்கள்.