திருத்தக் கொடுத்த பொருள் பழுதாகிவிட்டால்

ஆரையம்பதியில் தைக்கக் கொடுத்த சேலை கருகினால் விலை பேசி முடித்துவிடலாம். சட்டம் மாற்றக் கொடுத்த படம் கிழிந்தால்? காணாமல் ஆக்கப்பட்ட மகனின் ஒரே படமாக அது இருக்கக்கூடும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, வியாபாரமாக வேலை செய்து கொடுப்பவர் உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்ய வேண்டும். "தெரியாமல் நடந்துபோச்சு" என்பது மட்டும் பதிலாகாது. மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டு அவசியம், நம்மூரில் அதைக் கேட்கவே பலர் கூச்சப்படுகிறார்கள்.

கடைக்காரர் அயலவராகவோ சொந்தக்காரராகவோ இருந்தால் மத்தியஸ்த சபையே நல்லது என்பேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான இச்சபையில் சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது. இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழைப் பெற்று நீதிமன்றம் போகலாம்.

ஆனால் எந்தச் சபையாலும் அந்த முகத்தைத் திருப்பித் தர முடியாது. வெள்ளத்தில் நனைந்து காய்ந்த படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். உரித்தால் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடே போய்விடும். அதனால் கழற்றுமுன் கண்ணாடியுடன் சேர்த்தே ஸ்கான் செய்யச் சொல்லுங்கள். அசல் படத்தை லெமினேட் செய்ய விடாதீர்கள். போன் திருத்துபவரிடம், ரீசெட் செய்யுமுன் படங்களைப் பிரதி எடுக்கக் கேளுங்கள். "இது ஒன்றுதான் இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பழைய படமென்று பார்ப்பவருக்கு அது தெரியாது.

தொழில் செய்பவர்களுக்கும் ஒன்று: பழுதானால் உடனே சொல்லுங்கள். கிழிந்த துண்டுகளை ரேப் போட்டு ஒட்டாமல், எறியாமல், ஒரு கடித உறையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். துண்டுகள் இருந்தால் ஸ்கான் செய்து கணினியில் சேர்த்துப் பார்க்கலாம்.