ஒற்றை நுரையீரலில் ஓடும் உயிர்: சிறுதுளை நெஞ்சு அறுவை வளர்ந்த வழி

சிறுதுளை நெஞ்சு அறுவையின் வரலாற்றைப் பலரும் கேமராவிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் நெஞ்சுக்குள் பார்க்கும் கருவியான நெஞ்சுநோக்கி 1910-லேயே கைக்கு வந்துவிட்டது. நுரையீரலின் ஒரு மடலை அதே வழியில் எடுப்பதற்கு 1990கள் வரை ஆயிற்று. இந்த எண்பது ஆண்டுத் தாமதத்துக்கு ஒளியையும் லென்ஸையும் மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஒரு நுரையீரலைச் சுருங்கவிட்டு, மற்றொன்றையும் இதயத்தையும் வைத்தே நோயாளியை மணிக்கணக்கில் காப்பாற்றும் அறிவு அவ்வளவு மெதுவாகத்தான் சேர்ந்தது.

நெஞ்சறைக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால்தான் நுரையீரல் விரிந்து நிற்கிறது. விலாவுக்கு இடையே துளை விழுந்தால் காற்று உள்ளே பாய்ந்து நுரையீரல் சுருங்கிவிடும். இதைத் தடுக்க 1904-இல் பிரெஸ்லாவில் அறுவை மருத்துவர் சவர்புருக் ஒரு தாழ்வழுத்த அறையையே கட்டினார். நோயாளியின் தலை வெளியே இருக்கும். உடலும் அறுவை மருத்துவர்களும் உள்ளே இருப்பார்கள்.

அறுவை மருத்துவர்கள் அஞ்சிய அந்தச் சுருக்கத்தையே காசநோய் மருத்துவர்கள் சிகிச்சையாக்கிக்கொண்டார்கள். இத்தாலியின் ஃபோர்லானினி காட்டிய வழியில், ஊசியால் நெஞ்சுக்குள் காற்றேற்றி, புண்பட்ட நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்தார்கள். நெஞ்சுச் சுவரோடு நுரையீரல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது சுருங்காது. ஸ்டாக்ஹோம் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாகோபேயுஸ், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை நெஞ்சுக்குள் செலுத்திப் பார்த்து, 1910-இல் அதை வெளியிட்டார். சில ஆண்டுகளில் இன்னொரு துளை வழியாகச் சூடேற்றிய கம்பியை விட்டு அந்த ஒட்டுகளை எரித்து அறுத்தார். துளையிடும் இடத்துக்கு மட்டும் மரப்பு மருந்து போடுவார்கள்; நோயாளி முழு விழிப்பில் இருப்பார், மூச்சும் அவருடையதே. காற்று முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றப்பட்டிருந்ததால் இதயமும் அதற்கு இணங்கிப்போனது.

ஸ்ட்ரெப்டோமைசினும் அடுத்து வந்த மருந்துகளும் இந்தச் சிகிச்சைக்கே தேவை இல்லாமல் செய்தன. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்வோரும் சானடோரியத்தில் இருப்போருக்கு நிகராகக் குணமடைவதை 1959-இல் காட்டியது. நெஞ்சுநோக்கி பெரும்பாலும் நோயறியும் கருவியாக ஒதுங்கிவிட்டது.

அது ஒதுங்கும் முன்பே அடுத்த கட்டத்துக்கான அடித்தளம் அதே ஸ்டாக்ஹோமில் அமைந்துவிட்டது. வரலாறுகள் இதற்கு உரிய இடம் தருவதில்லை என்பது என் எண்ணம். 1932-இல் யாகோபேயுஸும் உடன் பணியாற்றியோரும் இரு நுரையீரல்களின் திறனையும் தனித்தனியே அளக்க முயன்றார்கள். அந்த அளவைக்காகவே 1949-இல் எரிக் கார்லென்ஸ் இரட்டைக்குழல் குழாயை வடிவமைத்தார். ஒரு குழல் இடது மூச்சுக்கிளைக்குள் போகும். மற்றது மூச்சுக்குழலில் நிற்கும். அடுத்த ஆண்டே அது அறுவை அரங்குக்கு வந்தது. நோயுற்ற நுரையீரலின் சீழ் நல்ல பக்கத்துக்கு வழியாமல் காப்பதே அப்போதைய முதல் கவலை.

இவற்றுக்கு நடுவில், 1946-இல், உடலியல் ஆய்வாளர்களான ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் ஒரு பூனையைக் குறைந்த ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். அதன் நுரையீரல் தமனி அழுத்தம் ஏறியது. உடலின் பிற பகுதிகளில் ஆக்சிஜன் குறைந்தால் இரத்த நாளங்கள் விரியும். நுரையீரலிலோ அவை இறுகும். காற்று வராத பகுதியை விட்டு, வரும் பகுதிக்கு இரத்தத்தைத் திருப்புவதுதான் இதன் பயன். ஒற்றை நுரையீரல் சுவாசம் பெரிதும் இந்த இறுக்கத்தையே நம்பி நடக்கிறது.

இன்றைய அரங்கில் இதைக் கண்ணால் காணலாம். மயக்க மருத்துவர் மூச்சுநோக்கியை உள்ளே விட்டு, இரட்டைக்குழலின் நீலநிற உறையின் விளிம்பு இடது கிளை வாயில் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கிறார். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்த பிறகும் மறுபடி பார்க்கிறார். புரட்டும்போது குழாய் நகர்ந்துவிடும். பிறகு ஒரு பக்கக் காற்றை அடைக்கிறார். மேல்பக்க நுரையீரல் மெல்லச் சுருங்குகிறது. 99 காட்டிய ஆக்சிஜன் அளவு 95, 93 என்று இறங்கக்கூடும். சுருங்கிய நுரையீரலுக்குப் போகும் இரத்தம் ஆக்சிஜன் எடுக்காமலே இதயத்துக்குத் திரும்புவதுதான் காரணம். நாளங்கள் இறுக இறுக எண் நிலைப்பட்டு, பெரும்பாலும் மீண்டும் ஏறுகிறது. கீழே இருக்கும் நல்ல நுரையீரலுக்குப் புவியீர்ப்பும் கூடுதல் இரத்தத்தை இழுத்துக் கொடுக்கிறது. மயக்க வாயுக்களின் அளவு மிகுந்தால் இந்த இறுக்கம் தளரும் என்பதால் அதிலும் கவனம் தேவை.

1992-இல் மிலானின் ரோவியாரோ குழு வீடியோ வழி மடல் நீக்கத்தை வெளியிட்டபோது இந்த அறிவெல்லாம் ஆயத்தமாக இருந்தது. புதிதாக ஒரு சிக்கல் மட்டும் சேர்ந்தது. வயிற்று அறுவையின் பழக்கத்தில் சிலர் நெஞ்சுக்குள்ளும் கரியமில வாயுவை அழுத்தத்தோடு செலுத்தினார்கள். வயிற்றுச் சுவர் விரிந்து கொடுக்கும், விலாக்கூடு கொடுக்காது. அழுத்தம் முழுவதும் இதயத்தின் மேல் விழும். பெருஞ்சிரைகள் நசுங்கி வலது இதயத்துக்கு இரத்தம் வருவது குறைந்து, இரத்த அழுத்தம் சரியும். 1993-இல் பன்றிகளில் நடந்த ஆய்வில் 5 மில்லிமீட்டர் பாதரச அழுத்தமே பாதிப்பை உண்டாக்கியது. மறு ஆண்டு மனிதர்களில் நடந்த ஆய்வு, மெதுவாக ஏற்றினால் 10-க்குக் கீழே தாங்குகிறது என்றது. இன்று பல அரங்குகளில் வாயுவே செலுத்துவதில்லை. நுரையீரல் தானே சுருங்கக் காத்திருக்கிறார்கள்.

மூச்சின் அளவிலும் திருத்தம் வந்தது. இரண்டு நுரையீரல்களுக்குரிய அளவை, கிலோ எடைக்கு 10 மில்லிலிட்டர் வரை, ஒன்றுக்கே கொடுத்துவந்தார்கள். அது அந்த நல்ல நுரையீரலையே புண்படுத்துவது தெரிந்தபின் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காற்றறைகள் மூடிவிடாதிருக்க மூச்சின் இறுதியிலும் சிறு அழுத்தம் வைக்கப்படுகிறது.

நாள்பட்ட புகைப்பழக்கத்தால் மூச்சுத்திறன் குன்றிய முதியவர்களுக்குத்தான் சிறுதுளை அறுவையின் பயன் அதிகம். அறுவைக்குப் பின் எஞ்சும் திறன் இயல்பில் 40 சதவீதத்துக்குக் கீழே போகும் என்று கணக்கிட்டால், ஆபத்து மிகுதி என்று அவர்களைத் திருப்பி அனுப்புவது வழக்கமாக இருந்தது. விலாக்களை விரிக்காத அறுவையில் வலி குறைவு. இருமிச் சளியை வெளியேற்ற முடிகிறது. அதனால் அந்த எல்லைக்குக் கீழே இருப்பவர்களிலும் சிலரைத் தேர்ந்தெடுத்து இப்போது அறுவைக்கு ஏற்றுக்கொள்கிறார்கள்.