சுமைதாங்கிக் கல்லும் நால்வழிச் சாலையும்

மரபுத் தெருக்களைக் காப்பதா, சாலைகளை அகலப்படுத்துவதா என்ற விவாதம் பெரும்பாலும் கல் பாவிய தெருக்களைச் சுற்றியே நிகழ்கிறது. நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தில் பழஞ்சாலையின் கற்களைச் சாலையோரத்தில் தேட வேண்டும். வழியம்பலங்களும் சுமைதாங்கிகளுமே இங்கு அதன் எச்சங்கள்.

1795இல் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபின், இரு நகரங்களையும் இணைத்த அரசவழி இது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இன்றும் இவ்வழியே, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்கின்றனர். அரசரும் தெய்வமும் சென்ற வழி என்பதாலேயே இதன் வரலாறு எழுதப்பட்டது. சுமை சுமந்தோர் சென்றதற்குச் சான்று கல் மட்டுமே.

சுமைதாங்கியின் அமைப்பு எளியது: நிறுத்திய இரு கற்கள், அவற்றின்மேல் குறுக்காக ஒரு கல். தலைச்சுமையைத் தனியொருவர் இறக்கி ஏற்றுவது கடினம். குறுக்குக்கல் ஏறக்குறைய ஆள் உயரத்தில் இருப்பதால், குனியாமலே சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாறலாம். பிறர் துணையின்றி மீண்டும் தலையில் ஏற்றலாம். சூலுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக இக்கல்லை நடும் வழக்கமும் தமிழகத்தில் உண்டு. இறக்கப்படாத சுமைக்கு ஈடாக ஊரார் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம்.

பழைய வழி எல்லோருக்கும் உரியதாக இருந்தது என்று ஏக்கம் கொள்ள இடமில்லை. இவ்வட்டாரத்தை அடுத்த வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி, 1893இல் பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டியதே ஒரு கலகமாயிற்று. அகன்ற சாலையும் பேருந்தும் தலைச்சுமையிலிருந்து விடுவித்தவர்களில் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட மக்களே. ஆகவே சாலை அகலப்படுவதை நான் எதிர்க்கவில்லை.

என் கவலை வேறு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே வழி களியக்காவிளையில் இரண்டாயிற்று. தமிழ்நாட்டின் 1966ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டமும் கேரளத்தின் 1968ஆம் ஆண்டுச் சட்டமும் தனித்தனிச் சின்னங்களை அறிவித்துக் காப்பவை. ஒரு வழியை முழுமையாகக் காணும் பார்வை இரண்டிலும் இல்லை. கரமனை–களியக்காவிளைச் சாலை விரிவாக்கமோ பகுதி பகுதியாகத் தெற்கு நோக்கி வருகிறது. நிலம் எடுக்கும்போது கட்டடத்துக்கும் மரத்துக்கும் மதிப்பிட்டு இழப்பீடு தருவர். புறம்போக்கில் நிற்கும் கல்லுக்கு உரிமையாளரும் இல்லை, மனு எழுதுவாரும் இல்லை.

அதைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைப்பதும் பாதி அழிவே. ஒரு சுமைதாங்கிக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட தொலைவு, சுமையோடு மனித உடல் எவ்வளவு தூரம் நடக்கும் என்பதன் கணக்கு. புதிய சாலையின் விளிம்புக்குச் சில மீட்டர் விலக்கி நட்டால் அக்கணக்கு கெடாது. தமிழக மண்ணிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கும்போது, பழைய வழிக்கும் இரு மாநிலங்கள் சேர்ந்து ஒரு பட்டியல் தயாரிப்பது இயலாததன்று. முதல் வேலையை இருபுறக் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்களே தொடங்கலாம்: அளவைக் கல் நடப்படுவதற்கு முன், ஒவ்வொரு சுமைதாங்கியின் இருப்பிடம், உயரம், எழுத்திருந்தால் அதன் மைப்படி.